ஸ்காலர்ஷிப் வரும்வரை யார் காத்திருப்பது?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கும் பையன்களுக்கும் தமிழக அரசு மாதாமாதம் பணம் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "மாசம் ஆயிரம் கொடுத்துப் பசங்களைக் கெடுக்கிறாங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவனாகச் சொல்கிறேன், அந்த ஆயிரம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் ரெக்கார்ட் நோட்டுக்கும் ரீசார்ஜுக்கும் போகிறது. ரீசார்ஜா என்று சிரிக்க வேண்டாம், நாங்கள் நோட்ஸ் அனுப்புவதே வாட்ஸ்அப்பில்தான். 2022இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டத்தை மாற்றித்தான் புதுமைப்பெண் வந்தது. தாலித் தங்கத்துக்குப் போன பணம் படிப்புக்குப் போகிறது. தேவதாசி முறையை எதிர்த்தவரின் பெயருக்கு இதுதான் பொருத்தம்.

என் கோபம் அந்த ஆயிரத்தின் மீதல்ல, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் மீது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள எஸ்சி, எஸ்டி குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. எஸ்சி மாணவர்களுக்கு ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் தருகிறது. ஒன்றியத்தின் பங்கு நேராக மாணவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நல்லதுதான். ஆனால் கல்லூரி ஃபீஸ் கேட்பது வருட ஆரம்பத்தில். பணம் வருவது பல சமயம் வருடம் முடியப்போகும்போது. நடுவில் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஒரு தனியார் கல்லூரியில், ஃபீஸ் பாக்கி உள்ளவர்களை ஹால் டிக்கெட் தராமல் ஆபீஸ் வாசலில் நிற்க வைப்பார்கள். "ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடறேன் சார்" என்றால், "வந்ததும் வந்து வாங்கிக்கோ" என்று பதில் வரும். பரீட்சை அதுவரை காத்திருக்குமா?

இதற்கு வழி தெரியாத அரசு இல்லை இது. குடும்பத்திலேயே முதலில் பட்டம் படிக்க வருகிறவருக்கான முதல் பட்டதாரி சலுகையில் டியூஷன் ஃபீஸைக் கழித்துக்கொண்டுதான் சேர்க்கிறார்கள், கல்லூரி அதை அரசிடம் வாங்கிக்கொள்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. போஸ்ட் மெட்ரிக்குக்கும் அப்படியே செய்யலாமே. தாமதமானால் கல்லூரியும் அரசும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். கல்லூரிக்கு வங்கி கடன் கொடுக்கும், கூலி வேலைக்குப் போகிறவரின் மகளுக்கு யார் கொடுப்பார்கள்?

கல்லூரி கைக்குப் பணம் போனால் மோசடி நடக்கும் என்பார்கள். போலி மாணவர் பெயரில் சுருட்டிய வழக்குகள் பல மாநிலங்களில் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகத்தானே இப்போது ஆதாரும் வருகைப் பதிவும் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையைக் கல்லூரியிடம் கடுமையாக நடத்துங்கள்.