காவிகா பழைய ஹவாய்ப் பெயரா?

‘காவிகா என்பது மிஷனரிகள் வருவதற்கு முன்பே இருந்த ஹவாய்ப் பெயர், அந்த மொழியில் அன்புக்குரியவன் என்று பொருள், அமெரிக்கக் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் அரிதாக இருப்பதால் ஹவாய் மக்களே அதை மறந்துவிட்டார்கள்’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மூன்றுமே சரியில்லை.

காவிகா என்பது டேவிட்தான், நம் பைபிளில் தாவீது ஆனவர். ஹவாய் மொழியில் ‘ட’ ஒலி கிடையாது, அந்த இடத்தில் ‘க’ வரும். சொல் உயிரொலியில்தான் முடிய வேண்டும் என்பதால் கடைசியில் ஓர் ‘ஆ’வும் சேர்ந்தது. ராபர்ட் லோபாகா ஆனதும் இதே வழியில்தான். மிஷனரிகள் வந்தது 1820இல்; பெயர் அதற்குப் பிறகு வந்தது. ‘அன்புக்குரியவன்’ என்பது டேவிட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எபிரேயப் பொருள். ஹவாய் மொழியில் அன்பு என்றால் அலோஹா. அது சுற்றுலாப் பயணிகளுக்கே தெரியும்!

1874 முதல் 1891 வரை ஹவாயை ஆண்ட மன்னர் கலாகௌவாவின் முதற்பெயர் டேவிட். அவரைப் போற்றும் பாடலில் அவர் காவிகாதான்.

அரிது என்பதற்கு வருவோம். 1860இல் ஹவாய் மன்னர் நான்காம் கமேஹமேஹா கொண்டுவந்த சட்டப்படி, பிறக்கும் குழந்தைக்குக் கிறிஸ்தவ முதற்பெயர் வைத்தாக வேண்டும். அது நீக்கப்பட்டது 1967இல்தான். நூறாண்டுக்கும் மேலாக ஹவாய்ப் பெயர்கள் நடுப்பெயர்களாக ஒதுங்கின. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயர்ப் பட்டியலோ முதற்பெயரை மட்டுமே எண்ணுகிறது. ஓராண்டில் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயரை வெளியிடுவதும் இல்லை. ஆவணத்தில் டேவிட், வீட்டில் காவிகா என்று வளர்பவர் அந்தக் கணக்கில் டேவிட்தான்.