ஆறு மாதச் சான்றிதழ் எம்.எஸ்சி. ஆகாது

'இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆறு மாதம் சமுதாய சுகாதாரச் சான்றிதழ் படித்தால் எம்.எஸ்சி. நர்சிங்குக்குச் சமம், டிப்ளமோ செவிலியர்களும் சேரலாம்' என்று செவிலியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதிதான் உண்மை.

டிப்ளமோ முடித்தவர்கள் சேரலாம் என்பது சரி. 2018-இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், துணை சுகாதார நிலையங்களுக்கு இடைநிலை சுகாதாரப் பணியாளர்களைத் தயார்படுத்தும் பயிற்சி அது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தாய்சேய் நலம் என்று களத்துக்கு மிகவும் வேண்டிய பாடங்கள். அதன் மதிப்பை யாரும் குறைக்க வேண்டாம். ஆனால் அது முதுகலைப் பட்டம் அல்ல.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டுப் படிப்பு. சமுதாய சுகாதார செவிலியம் அதில் ஒரு சிறப்புப் பிரிவு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங் அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (டிப்ளமோ செவிலியர்களுக்கான பட்டப்படிப்பு) பட்டமும், ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். ஆக, டிப்ளமோ செவிலியர் முதலில் போஸ்ட் பேசிக் முடித்தாக வேண்டும். அதற்கே இரண்டு ஆண்டு. இரவுப் பணிக்கு நடுவே சேர்த்த பணத்தை 'சமமான பட்டம்' என்று சொல்லி யாராவது கேட்டால், கட்டுவதற்கு முன் கவுன்சிலின் அங்கீகாரத்தைப் பாருங்கள்.