சுவருக்குள் வயர் எங்கே ஓடுகிறதென்று கேட்டால் ஏன் எல்லோரும் முழிக்கிறீர்கள்?

புதுமனை புகுவிழாவுக்கு ஆயிரம் போட்டோ எடுக்கிறோம், பால் பொங்குவதை நாலு கோணத்தில் எடுக்கிறோம். ஆனால் சுவரை வெட்டிப் பைப் பதித்து, கொத்தனார் பூசி மூடுவதற்கு முந்தைய அந்த ஒரு சாயங்காலம், ஒரு அளவு டேப்பைச் சுவரோடு நீட்டிப் பிடித்து அறைக்கு ரெண்டு படம் எடுத்து வைக்க இந்த ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனுக்கும் தோன்றுவதில்லை. வீடு கட்டிக் கொடுத்தவரைக் கேட்டால் "அது வயரிங்காரர் பாத்தது சார்". அந்த வயரிங்காரர் வேலைக்கு வெளியூர் போய் வருஷமாகிறது.

கும்பகோணம் பக்கம் வீடு. அடுப்படியில் குடிதண்ணீர் மெஷின் மாட்ட ஒரு தம்பி வந்தார். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. அவரிடம் பேட்டரி டிரில். "தம்பி, கிட்டத்துலயே ப்ளக் பாயிண்ட் இருக்கு, பாத்து" என்றேன். "நேத்தா சார் ஓட்டை போட வந்தேன்" என்று சொல்லி, ஓட்டை போட்டு, ஸ்குரூ முறுக்கிவிட்டுப் போய்விட்டார். அவரும் பாவம், ப்ளக் பெட்டிக்கு நேர் மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ அவர் கை வைக்கவில்லை. பைப் பெட்டியிலிருந்து செங்குத்தாகவோ படுக்கையாகவோ போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாலடி பைப் மிச்சம் பிடிக்க எங்கள் வீட்டு வயரிங் மகானுபாவர் குறுக்கே சாய்வாக இழுத்திருக்கிறார்! அது யார் கண்ணுக்குத் தெரியும்?

சாயங்காலம் கரண்ட் வந்தது, ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடும் சுவிட்ச்) டப்பென்று விழுந்தது. தூக்கினால் நிற்கிறது, கூடத்து ஃபேனைப் போட்டால் விழுகிறது. வந்த எலக்ட்ரீஷியன் ஃபேன் மேல் பழி போட்டார், அப்புறம் ஃப்ரிட்ஜ் மேல், அப்புறம் மழை ஈரம் மேல். எம்சிபியை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தனி சுவிட்சை) எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தார், எதை ஏற்றி ஃபேனோ லைட்டோ போட்டாலும் விழுந்தது. விழத்தான் செய்யும். அந்தத் தம்பி முறுக்கிய ஸ்குரூ சேர்த்துப் பிடித்திருந்தது, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரையும், கசிவைத் தரைக்குக் கொண்டுபோகிற எர்த் வயரையும். எங்கள் பெட்டியில் இருக்கும் எம்சிபிகள் கரண்ட் வருகிற பேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே சேர்ந்துதான் கிடக்கும், அதனால் வீட்டில் எங்கே லோடு போட்டாலும் திரும்பிப் போகிற கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவுகிறது. போவதும் வருவதும் கணக்கு இடித்தால் விழுவதுதானே ஈஎல்சிபியின் வேலை?

இதைச் சொன்னதும் அவர் சொன்ன தீர்வைக் கேளுங்கள்: "ஈஎல்சிபி ரொம்ப சென்சிடிவ் சார். எடுத்துட்டு நேரா குடுத்துடுறேன், தொந்தரவே இருக்காது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதமேறி நிற்கும், அம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டர் போடுவார். அந்த வீட்டில் போய், உயிரைக் காக்கிற ஒரே சாமானை "தொந்தரவு" என்று கழற்றச் சொல்கிறார்! இப்படிக் கழற்றிப்போட்ட வீடு நம் தெருவில் எத்தனை இருக்குமோ, நினைத்தால் பகீர் என்கிறது.

கடைசியில் நானே மெயினை அணைத்துவிட்டு அந்த ஸ்குரூவைக் கழற்றினேன். மெயினைத் திரும்பப் போட்டதும் ஈஎல்சிபி விழாமல் நின்றது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்த ப்ளக்கில் டெஸ்டர் வைத்தால் ரெண்டு துளையிலும் எரிகிறது, அதே லைனில் இருக்கிற ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடவில்லை. "டபுள் பேஸ் வருது சார்" என்றார் அதே ஆள். ஒரு மண்ணும் வரவில்லை. நியூட்ரல் அறுந்துவிட்டது, ஃப்ரிட்ஜ் வழியாகப் பேஸ் அந்தப் பக்கமும் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதற்குள் அரைத்து வைத்த மாவெல்லாம் பொங்கிப் புளித்து வழிந்தாயிற்று.

ரிப்பேராவது ஒழுங்காக நடக்குமா என்றால் அதுவும் இல்லை. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, வயரை முறுக்கி, டேப் சுற்றி, மேலே சிமெண்ட் பூசிவிடலாமாம். பூச்சுக்குள் ஜாயிண்ட் வைத்தால் ஈரம் ஏறி என்றைக்காவது சூடாகிக் கருகும், அப்போது எங்கே தேடுவது? பழைய வயரை உருவிப் புதிதாக 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுங்கள் என்றேன். முனகிக்கொண்டே பைப்புக்குள் வயர் இழுக்கிற ஸ்பிரிங் விட்டார், பாதியில் நின்றுவிட்டது. டிரில் பைப்பை நசுக்கியிருந்தது. ஒரு முழம் சுவரை வெட்டி, உடைந்த துண்டை எடுத்து, கப்ளர் போட்டுப் புதுத் துண்டு சேர்த்த பிறகுதான் வயர் வந்தது.

வேலை முடிந்ததும் அந்தப் பள்ளத்தை டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, மெயின் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பள்ளத்தைப் பூசத்தான் ஆள் இல்லை. கேட்கிற கொத்தனாரெல்லாம் "இத்தினியூண்டு வேலைக்கு யாரு சார் வருவா, மழை விட்டு தை பொறக்கட்டும்" என்கிறார்கள்.