செயலாளர் என்றால் எடுபிடியா?

இளைஞர் மன்றத் தேர்தலில் கை தூக்கி என்னைச் செயலாளர் ஆக்கிய அத்தனை பேரும் அப்புறம் எங்கே போனார்கள்? ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் ஏழு மணிக்கும் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்கூட (கோரம்) சேர்வதில்லை. போன் செய்தால் "இதோ கிளம்பிட்டேன்" என்கிறார்கள். நாற்காலி போடுவதும் நான், மடக்கி அடுக்குவதும் நான். சந்தா கேட்டால் கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கு கேட்க மட்டும் கூட்டம் நிரம்பி வழிகிறது! பந்து வாங்கிய ரசீதைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். கேளுங்கள், அது உறுப்பினரின் உரிமை. சந்தாவே கட்டாதவர் எந்த வாயால் கேட்கிறார்? போன கூட்டத்துத் தீர்மானப் புத்தகத்தில் பாதிப் பேர் இன்னும் கையெழுத்தே போடவில்லை. "நீதானே செயலாளர், நீயே பார்த்துக்கோ" என்று சொல்லவா ஓட்டுப் போட்டார்கள்?