எதிர்க்கேள்வி கேட்கப் பழகணும்

போன ஞாயிறு காட்பாடி ஜங்ஷனில் பெங்களூர் ரயிலுக்காக நின்றிருந்தேன். பேரணாம்பட்டுப் பையன் ஒருவன் வந்து பேசினான். பெரிய டெக் கம்பெனி ஒன்றின் வேலை இன்டர்வியூவில் நான்காவது ரவுண்டு வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறான். "புரோகிராம் கோடு சரியாத்தான் எழுதினேன் அண்ணா, ஏன் வேணாம்னாங்கன்னே தெரியல" என்றான். அவனிடம் ரயில் வரும்வரை சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

ஆறு வருடம் முன்பு எனக்கும் இப்படித்தான். குடியாத்தம் வீட்டில் வீடியோ காலில் இன்டர்வியூ. சத்தம் கேட்கக்கூடாதென்று அப்பா லுங்கித் தறியை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்த கேள்வி எளிது: ஒரு பட்டியலில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் கொடுத்த தொகை வரும்? கேட்டதும் குனிந்து டைப் அடிக்க ஆரம்பித்தேன். பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. நான் எழுதியது ஒவ்வொரு ஜோடியாகக் கூட்டிப் பார்க்கும் வழி. பத்து லட்சம் எண்கள் இருந்தால் கிட்டத்தட்ட 50,000 கோடி ஜோடிகள். பார்த்த எண்ணையெல்லாம் ஹேஷ் மேப்பில் (ஓர் எண் ஏற்கெனவே வந்ததா என்று சட்டென்று பார்க்க உதவும் அட்டவணை) போட்டுக்கொண்டே போனால் பட்டியலை ஒரு தடவை கடந்தால் போதும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் நான் எங்கே சிக்கி நிற்கிறேன் என்று தெரிந்தால்தானே எதிரில் இருப்பவர் ஹின்ட் கொடுப்பார்?

எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். எண்கள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் இருக்கின்றனவா? மைனஸ் எண் வருமா? ஒரே எண் இரண்டு தடவை வருமா? வரிசையில் இருந்தால் ஹேஷ் மேப்பே வேண்டாம், இரண்டு முனையிலிருந்தும் உள்ளே நகர்ந்து வரலாம். கேள்வியில் இதையெல்லாம் பெரும்பாலும் வேண்டுமென்றேதான் சொல்லாமல் விடுகிறார்கள். நாம் கேட்கிறோமா என்று பார்க்கத்தான்.

நாம் எப்படிக் கேட்போம்? வகுப்பில் "ஏன் சார்?" என்றாலே எதிர்த்துப் பேசுகிறான் என்று பெயர். கணக்குப் போடும்போது வாய் அசைந்தால் தலையில் குட்டு. பன்னிரண்டு வருடம் அப்படிப் படித்த பிள்ளையை 45 நிமிடம் சத்தமாக யோசி, அதுவும் ஆங்கிலத்தில் யோசி என்றால்?

கம்பெனிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 48 கணினி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தன, 2020இல் வெளிவந்தது. தனி அறையில் கணக்கைத் தீர்த்தவர்களோடு ஒப்பிட்டால், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தீர்த்தவர்களின் மதிப்பெண் பாதிதான். அப்படியானால் பயத்தையும் சேர்த்துத்தானே அளக்கிறார்கள்? முதலில் தனியாக யோசிக்க இருபது நிமிடம் கொடுத்துவிட்டு அப்புறம் பேச வைக்கலாம். செலவே இல்லாத மாற்றம் இது.

சரி, அவர்கள் மாறும்வரை நாம் சும்மா இருக்க முடியாது. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர்டு, நான்கு மார்க்கர். ஒருவர் தீர்க்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்போம். தமிழிலேயே சத்தமாக யோசித்துத் தொடங்கலாம், ஆங்கிலம் இரண்டாவது வாரம். அந்தப் பையன் வருகிறேன் என்றிருக்கிறான். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களும் வரலாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.