ஒரு தாளுக்காக மூன்று பயணங்கள்

திருகோணமலையில் நான் பணிபுரியும் சட்டத்தரணி அலுவலகத்தில், காணி உறுதி (நில உரிமையைக் கைமாற்றும் பத்திரம்) எழுத வருபவர்களுக்குத் தேவையான ஆவணங்களின் பட்டியலை முதல் நாளிலேயே எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்றுவரை இல்லை. அண்மையில் மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் முதலில் பழைய உறுதியைக் கேட்டோம். அதைக் கொண்டுவந்தபோது நில அளவை வரைபடம் எங்கே என்றோம். அதையும் கொண்டுவந்த பின்னர்தான் கணவரின் மரணச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த தாள்களை மேசையில் ஒவ்வொன்றாக விரித்துவிட்டு, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கட்டணத்தை விடுங்கள், அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்த உரிமம் பெற்றவர்) முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒருங்கே ஒப்பமிடப்பட வேண்டும் என்பதால், ஒரு தாள் குறைந்தால் அந்தச் சாட்சிகளின் நாட்கூலியும் சேர்ந்தே போகிறது. பதிவு தாமதமானால், அதே காணிக்கு முந்திப் பதியப்பட்ட வேறோர் உறுதி முன்னுரிமை பெற்றுவிடவும் கூடும்.

இதைத் தீர்க்கக் கணினி கூடத் தேவையில்லை. ஆவணக் கோவையின் மேலட்டையில் ஒரு பட்டியலை ஒட்டி, வந்தவற்றுக்குச் சரி அடையாளம் இட்டால் போதும். நான் ஒட்டிய பட்டியலை யாரோ கிழித்துவிட்டு, அந்த அட்டையை வேறு வழக்குக்குப் பயன்படுத்திவிட்டார்கள்.