மழை வந்தால் படுத்துவிடும் வானிலை நிலையம்

மழையை அளக்கத்தான் இதை மொட்டை மாடியில் வைத்தேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் முதலில் படுப்பது இதுதான். வெயில் காலத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மேகம் மூடிவிட்டால் 20 வாட் சோலார் பேனல் 2, 3 வாட் கொடுப்பதற்கே மூச்சு வாங்குகிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் வானம் பார்க்கும் கேமராவும் சேர்ந்து இரவு பகலாக அதைவிட அதிகம் தின்கின்றன. அப்புறம் எங்கே மிஞ்சும்?

சரி, பேட்டரிதான் காலி என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஜம்மென்று 12.6 வோல்ட். உள்ளே ராஸ்பெர்ரி பையோ மின்னழுத்தம் போதவில்லை என்று அழுகிறது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.63-க்குக் கீழே போனாலே அதற்குப் பொறுக்காது. குற்றவாளி யார் என்றால், மெலிசான ஒரு யுஎஸ்பி ஒயர்! கேமரா படமெடுக்கும் நொடியில் மட்டும் வோல்டேஜ் சரியும். நாம் மீட்டரோடு நிற்கும்போது மகா யோக்கியம்.

ஒயரை மாற்றினால் அடுத்தது கேமரா மேல் கவிழ்த்த அக்ரிலிக் குமிழ். விடியற்காலையில் பனி படிந்து, நட்சத்திரம் எல்லாம் கரைத்த சுண்ணாம்பு மாதிரி. ரெசிஸ்டர்களை வளையமாகக் கட்டிச் சூடாக்கினால் பனி போகும்தான். அதற்கு இன்னும் 2 வாட் யார் கொடுப்பது?

இதற்கு நடுவில் மழைமானிக்குள் எறும்புக் குடித்தனம். உள்ளே சாய்ந்தாட வேண்டிய குட்டிக் கிண்ணம் அசையவே இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர், திரையில் 0.0 மில்லிமீட்டர். கீழ்வீட்டு மாமா வேறு, "என்ன தம்பி, இன்னைக்கு மழை உண்டா?" என்று தினமும் கேட்கிறார்.